‘டைம்’ என்றால் எந்த ‘டைம்’?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், பிரெஞ்சு மொழியைப் புதிதாகக் கற்போருக்காக வெளிவரும் சொற்பட்டியலை நான் முதல் வாரத்திலிருந்தே தவறாமல் படித்து வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரெஞ்சு கற்பித்து வருபவன் என்ற முறையில், இப்படியொரு பகுதிக்குத் தாங்கள் இடம் ஒதுக்கியிருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆயினும் சென்ற வாரப் பட்டியலில் இருந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘டைம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழில் ‘நேரம்’ என்றும், பிரெஞ்சில் ‘தாம்’ என்றும் போட்டு அத்துடன் முடித்திருந்தார்கள். அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு மாணவர் பிரெஞ்சில் பேசவோ எழுதவோ தொடங்கினால், பத்து இடங்களில் ஆறேழு இடங்களிலாவது தவறு செய்வார் என்று என் வகுப்பறை அனுபவத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்வேன்.

மேலே செல்லுமுன் ஒரு விளக்கம். பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் ஓரளவுக்குத்தான் காட்ட முடியும். ‘தாம்’ என்று நான் எழுதும் சொல்லின் இறுதியில் உதடுகள் சேர்வதில்லை. மூக்கொலியோடு ‘தா’ என்று நின்றுவிடும். அதே போல, ‘எர்’ என்று எழுதுவதை ‘எ’ என்ற ஒலிக்கும் ‘ஒ’ என்ற ஒலிக்கும் இடைப்பட்டதாக, உதடு குவித்து வாசிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் பெயர்ச்சொல் எது என்று ஆக்ஸ்போர்டு அகராதிக் குழுவினர் பெரும் உரைத்தொகுப்பு ஒன்றை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பெற்றது இந்த ‘டைம்’ என்ற சொல்தான். அவ்வளவு அதிகமாக ஆளப்படும் சொல் ஒரே பொருளோடு நின்றிருக்க முடியாது. கடிகாரம் காட்டும் மணியும் அதுவே, ஓடிக்கொண்டிருக்கும் காலமும் அதுவே, எத்தனை முறை என்ற எண்ணிக்கையும் அதுவே, ஒரு யுகமும் அதுவே, ஒரு நொடிப்பொழுதும் அதுவே. ஆங்கிலேயர் இவற்றையெல்லாம் ஒரே சொல்லால் சொல்லிவிட்டுக் குழப்பமின்றி வாழ்கிறார்கள். சுற்றியுள்ள சொற்கள் அவர்களுக்குப் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடும். பிரெஞ்சுக்காரரோ ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார். ஓடும் காலத்துக்கு ‘தாம்’, கடிகார மணிக்கு ‘எர்’, எண்ணிக்கைக்கு ‘ஃபுவா’, சரித்திரத்தின் ஒரு பகுதிக்கு ‘எப்போக்’, குறிப்பிட்ட தருணத்துக்கு ‘மொமாம்’, ஒரு காரியத்தை முடிக்கத் தரப்படும் கெடுவுக்கு ‘தெலே’. பெரும்பாலான இடங்களில் இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது.

என் மாணவி ஒருத்தியின் பயிற்சி ஏட்டில் இருந்த ஒரு வாக்கியம் இன்றும் நினைவில் இருக்கிறது. ‘இந்த மருந்தை நாளைக்கு மூன்று முறை சாப்பிட வேண்டும்’ என்பதைப் பிரெஞ்சில் எழுதச் சொல்லியிருந்தேன். அவள் தமிழ் வாக்கியத்தை மனத்துக்குள் ஆங்கிலமாக்கி, ‘த்ரீ டைம்ஸ்’ என்று பிடித்து, அகராதியில் ‘டைம்’ என்பதற்கு எதிரே முதலில் இருந்த சொல்லை எடுத்து, ‘த்ருவா தாம்’ என்று எழுதியிருந்தாள். எழுத வேண்டியது ‘த்ருவா ஃபுவா’. ‘த்ருவா தாம்’ என்று கேட்டதும் பிரெஞ்சுக்காரருக்கு நினைவு வருவது வால்ஸ் நடனத்தின் தாளம். மூன்று தட்டுக் கொண்ட தாளத்தைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நான் சிவப்பு மையால் அடித்துத் திருத்தும் முன் அவளிடம் ஒன்று கேட்டேன்: “தமிழில் ‘மூன்று முறை’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதே, அதை ஏன் ஆங்கிலத்துக்கு மாற்றினாய்?” அவள் சிறிது யோசித்துவிட்டு, “அப்படித்தானே சார் பழக்கம்” என்றாள்.

அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நாம் பிரெஞ்சுக்கு ஆங்கிலத்தின் வழியாகவே போக வேண்டும் என்று நம்புகிறோம். எழுத்து ஒன்று, ஆயிரக்கணக்கான சொற்களும் பொது என்பதால் அந்த நம்பிக்கை இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் ‘டைம்’ போன்ற அன்றாடச் சொற்களில், ஆங்கிலம் ஒன்றாகக் குவித்து வைத்திருப்பதைத் தமிழும் பிரெஞ்சும் ஏறத்தாழ ஒரே இடங்களில் பிரித்து வைத்திருக்கின்றன. ‘அடுத்த முறை’ என்றால் ‘ஃபுவா’; ‘அந்தக் காலத்தில்’ என்றால் ‘எப்போக்’ அல்லது ‘தாம்’; ‘மணி என்ன?’ என்றால் ‘எர்’. தமிழில் யோசிப்பவருக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது.

‘முறை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது எண்ணிக்கையையும் குறிக்கும், ‘இப்போது உன் முறை’ என்று வரிசையில் வரும் வாய்ப்பையும் குறிக்கும். பிரெஞ்சின் ‘ஃபுவா’ பிறந்தது, மாறி மாறி வரும் முறையைக் குறித்த ஒரு லத்தீன் சொல்லிலிருந்து. ஒரு செயல் திரும்பத் திரும்ப வருவதை, அதன் முறை வருகிறது என்றே இரு மொழியாரும் கண்டிருக்கிறார்கள். இதை வகுப்பில் ஒரு தடவை சொல்லிவிட்டால் மாணவர்கள் பிறகு ‘ஃபுவா’வை மறப்பதே இல்லை. குழந்தைக் கதைகள் தமிழில் ‘ஒரு காலத்தில்’ அல்லது ‘முன்னொரு காலத்தில்’ என்று தொடங்க, பிரெஞ்சில் ‘இல் எத்தே யூன் ஃபுவா’, அதாவது ‘ஒரு முறை இருந்தது’ என்ற அமைப்பில் தொடங்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன், அங்கே தமிழை அப்படியே பெயர்த்தால் பொருந்தாது என்பதற்காக. இன்னொரு நுட்பமும் உண்டு. ‘மூன்று முறை’ என்பதையும் ‘மூன்று மடங்கு’ என்பதையும் நாம் வேறு வேறு சொற்களால் சொல்கிறோம்; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘டைம்ஸ்’, பிரெஞ்சில் இரண்டுக்கும் ‘ஃபுவா’. பெருக்கல் வாய்ப்பாட்டிலும் அதே ‘ஃபுவா’தான் வரும்.

‘மணி’ இன்னும் சுவையானது. கோயிலிலும் பள்ளியிலும் ஒலிக்கும் மணியே நமக்குக் கடிகார நேரமும் ஆயிற்று. ஆங்கிலத்தில் கடிகாரத்தைக் குறிக்கும் ‘கிளாக்’ என்ற சொல்லும், மணியைக் குறித்த இடைக்கால லத்தீன் சொல்லின் வழிவந்ததுதான். அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘குளோஷ்’ என்ற பிரெஞ்சுச் சொல் மட்டும் இன்றும் மணியையே குறித்துக்கொண்டிருக்கிறது. நேரத்தைச் சொல்ல அவர்கள் ‘எர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அதன் வேர் ‘ஹோரா’ என்ற லத்தீன் சொல். அதற்கும் மூலம் கிரேக்கம். அந்தக் கிரேக்கச் சொல் வடமொழி வழியாக நம்மிடமும் வந்து ‘ஓரை’ என்று வழங்குகிறது. பிரெஞ்சுக்காரரின் ‘எர்’ நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை என்று மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் வியப்புக்காகவே இந்தச் செய்தியை ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறேன்.

ஆனால் ‘மணி’யைப் பொறுத்தவரை தமிழ் பிரெஞ்சைவிடக் கூர்மையானது. ‘மூன்று மணி’ வேறு, ‘மூன்று மணி நேரம்’ வேறு. பிரெஞ்சில் இரண்டும் ‘த்ருவா எர்’ தான். முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். அதோடு, மணி கேட்கும் இடத்தில்தான் ‘டைம் என்றால் தாம்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் முதலில் விழுகிறார்கள். மணி என்ன என்று கேட்க ‘கெல் எர் எத்தில்’ என்று சொல்ல வேண்டும். ‘எர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘தாம்’ வந்துவிட்டால், கேட்பவர் வானத்தைப் பார்ப்பார். ஏனென்றால் ‘கெல் தாம் ஃபெத்தில்’ என்பது வானிலை எப்படி இருக்கிறது என்று கேட்கும் வாக்கியம்.

‘தாம்’ என்ற சொல் வானிலையையும் குறிப்பது பலருக்குப் புதிராகத் தோன்றும். தமிழருக்கு அது புதிராக இருக்க வேண்டியதில்லை. மழைக்காலம், வெயில்காலம், பனிக்காலம் என்று நாமும் வானத்தின் போக்கைக் காலத்தின் பெயரால்தானே பிரித்திருக்கிறோம்? புயலைக் குறிக்கும் ‘தாம்பெத்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் லத்தீனில் முதலில் பருவத்தையும் பொழுதையும் குறித்து, பிறகு வானிலையையும், கடைசியில் கெட்ட வானிலையையும் குறித்த ஒரு சொல்லின் வழியில் வந்தது.

இதே ‘தாம்’ இலக்கணத்திலும் வருகிறது. வினைச்சொல்லின் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று நாம் சொல்லும் ‘காலம்’ பிரெஞ்சில் ‘தாம்’ தான். ஆங்கிலத்தில் மட்டும் இதற்கு ‘டென்ஸ்’ என்று தனிச்சொல் இருக்கிறது. அதுவும் பழைய பிரெஞ்சிலிருந்து, இதே ‘தாம்’ என்ற சொல்லின் முன்வடிவத்திலிருந்து, ஆங்கிலம் பெற்றுக்கொண்டதுதான். தமிழ் மாணவர் ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாமல் வந்தால், இலக்கணத்தின் ‘காலம்’ என்பதற்கும் கடந்துபோகும் ‘காலம்’ என்பதற்கும் பிரெஞ்சில் ஒரே சொல் என்று ஒரே நாளில் கற்றுக்கொள்வார். ஆங்கில வழியில் வருபவர் இரண்டு சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். இயந்திரவியல் படிப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன்: நான்கு ஸ்ட்ரோக் என்ஜினைப் பிரெஞ்சில் ‘கத்ர் தாம்’ என்ஜின் என்பார்கள். உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்தல், வெளியேற்றுதல் ஆகிய ஒவ்வொரு கட்டமும் அவர்களுக்கு ஒரு ‘தாம்’.

குறித்த நேரத்தில் வருவதற்கும் காலத்தோடு வருவதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். ரயில் அட்டவணைப்படி வந்து நின்றால் அது ‘ஆ லெர்’. மூச்சுத் திணறும் நோயாளிக்கு மருத்துவர் உயிர் போகுமுன் வந்து சேர்ந்தால் அது ‘ஆ தாம்’. முன்னது கடிகாரத்தோடு தொடர்புடையது என்பதால் ‘எர்’ வந்தது. பின்னதில் கடிகாரத்துக்கு வேலையில்லை. இந்த இரண்டையும் பிரிக்க ஆங்கிலம் ‘டைம்’ என்பதற்கு முன்னால் ஒரு சிறு இடைச்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்கிறது. அந்த இடைச்சொல்லில் ஆங்கிலம் நன்கு தெரிந்த நம்மவர்களே தடுமாறுவதுண்டு. நாளை இதே நேரம் என்றால் ‘எர்’, சென்ற ஆண்டு இதே காலம் என்றால் ‘எப்போக்’ என்பதும் இதே வகையைச் சேர்ந்ததே.

விளையாட்டு, வேலை ஆகியவற்றில் வருபவற்றை விரிக்கத் தேவையில்லை. கால்பந்தாட்டத்தின் ஒரு பாதிக்கும், பாதி நேர வேலைக்கும் ‘மி-தாம்’. கூடுதல் நேர வேலைக்கு ‘எர்’ சேர்ந்த தொடர். பள்ளியின் கால அட்டவணைக்கு ‘தாம்’ சேர்ந்த தொடர். உலகின் நேர மண்டலங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ‘ஃபியூசோ’. நூல் நூற்கும் கதிருக்கு உரிய சொல் அது. பூமிப்பந்தை ஆரஞ்சுச் சுளைகளாகப் பிரித்தால், நடுவில் பருத்து இரு முனையிலும் கூம்பும் ஒவ்வொரு சுளையும் நூல் சுற்றிய கதிரைப் போலத்தானே இருக்கிறது!

இனி, ‘தெலே’ என்ற சொல்லைப் பற்றி. இதுவரை சொன்னவை ஏட்டில் திருத்திவிடக்கூடிய பிழைகள். இது அப்படியல்ல. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். விடுபட்ட சான்றிதழ்களை முப்பது நாள் ‘தெலே’க்குள் அனுப்ப வேண்டும் என்று பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. எழுத்தில் அந்தச் சொல் தாமதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போலவே தோன்றும். அவரும் அவருக்கு உதவிய நண்பரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் வேலை முப்பது நாள் தாமதப்படும், அதுவரை பொறுத்திருக்கச் சொல்கிறார்கள் என்று முடிவு செய்து, பொறுத்தும் இருந்தார்கள். முப்பத்து நான்காம் நாள் அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது, அதை இரண்டாம் முறை வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ‘தெலே’ என்றால் கெடு, தவணை. தாமதத்துக்குப் பிரெஞ்சில் ‘ரெதார்’ என்று வேறு சொல் இருக்கிறது. ‘கெடு’ என்ற நல்ல தமிழ்ச்சொல்லோடு சேர்த்து அந்தச் சொல் அவருக்கு முதலிலேயே சொல்லித் தரப்பட்டிருந்தால், அவர் ஓர் ஆண்டை இழந்திருக்க மாட்டார். அவருக்குச் சொல்லித் தந்தவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. அவர்களுக்கும் மூன்று பத்திப் பட்டியல்களே கிடைத்திருக்கும்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ‘எனக்கு நேரம் சரியில்லை’ என்று நாம் சொல்லும்போது ‘நேரம்’ என்பது நற்பேற்றைக் குறிக்கிறது. அங்கே ‘தாம்’ என்றும் சொல்ல முடியாது, ‘எர்’ என்றும் சொல்ல முடியாது. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘பொனெர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லைக் காதால் கேட்டால் ‘நல்ல நேரம்’ என்பது போலவே இருக்கும். உண்மையில் அதில் இருப்பது நேரத்தைக் குறிக்கும் ‘எர்’ அன்று; சகுனத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்து, பேறு என்று பொருள்பட்ட வேறொரு பழஞ்சொல். நல்ல மாணவர்களும் இதில் ஏமாந்துபோவார்கள். மாறாக, ‘தூத் ஆ லெர்’ என்ற தொடர் சற்று முன்பு நடந்ததையும் சற்று நேரத்தில் நடக்கப்போவதையும் குறிக்கும் என்று சொன்னால், ஆங்கில வழியில் கற்றவர்கள் திகைப்பார்கள். ‘இப்போதுதான் போனார்’, ‘இதோ இப்போது வந்துவிடுவார்’ என்று ஒரே ‘இப்போது’வை இரு பக்கமும் ஆளும் நமக்கு அதில் திகைக்க ஒன்றுமில்லை.

இவ்வளவு வளமான பிரிவினை நம் மொழியில் இருந்தும், பேச்சில் நாம் அதை வேகமாக இழந்து வருகிறோம் என்பதே எனக்கு உள்ளபடியே கவலை தருகிறது. ‘டைம் என்ன?’, ‘நாலு டைம் சொல்லிட்டேன்’, ‘அந்த டைம்ல’, ‘டைம் குடுங்க’ என்று மணியும் முறையும் காலமும் கெடுவும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் போய்விட்டன. வீட்டிலும் வெளியிலும் இதையே கேட்டு வளரும் பிள்ளைக்கு, ‘முறை’க்கும் ‘மணி’க்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது என்பதே பிரெஞ்சு வகுப்பில்தான் தெரிய வருகிறது. தன் தாய்மொழியில் இருந்ததை வேற்று மொழியில் புதிதாகக் கற்க வேண்டிய நிலை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தொடக்க நிலையில் இருப்பவரிடம் ஒரு சொல்லுக்கு ஏழெட்டுச் சொற்களை அடுக்கினால் மிரண்டுவிடுவார் என்பதும், இணைப்பில் இருக்கும் இடம் குறைவு என்பதும் எனக்குப் புரிகிறது. வாரத்துக்கு இருபது சொற்களை வெளியிடுவதற்குப் பதிலாக ‘டைம்’ போன்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலச் சொல்லைத் தலைப்பில் மட்டும் வைத்துவிட்டு, கீழே நாம் அன்றாடம் பேசும் ஐந்து தமிழ் வாக்கியங்களைத் தந்து, ஒவ்வொன்றன் எதிரிலும் அதன் முழுப் பிரெஞ்சு வாக்கியத்தைத் தரலாம். ‘மணி என்ன?’, ‘மூன்று முறை சொன்னேன்’, ‘எனக்கு நேரமில்லை’, ‘அந்தக் காலத்தில் மின்சாரம் கிடையாது’, ‘பத்து நாள் கெடு கொடுங்கள்’ ஆகிய இந்த ஐந்தையும் வாக்கியமாகக் கற்றவர், ‘தாம்’ என்ற தனிச்சொல்லை மட்டும் கற்றவரைவிட நெடுந்தூரம் முன்னே இருப்பார். ‘கெட்’, ‘செட்’, ‘ரைட்’, ‘நோ’ ஆகிய சொற்களும் இதே போன்ற கவனத்தை வேண்டுபவை. குறிப்பாக, ‘நோ’ என்பதற்கு ஒரு செய்தியை அறிவது, ஓர் ஆளை அறிவது என்று பிரெஞ்சில் இரு வினைகள் உள்ளன. அவற்றைக் கலந்து எழுதாத முதலாண்டு மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்த ஐந்து வாக்கியங்களையும் அவற்றின் பிரெஞ்சு வடிவத்தோடு, ஒலிப்புக் குறிப்புகளும் சேர்த்து, தனித்தாளில் எழுதி இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த இணைப்பில் இடம் இருந்தால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பிரெஞ்சு ஆசிரியராகப் பணியாற்றும் தங்கள் நெடுநாள் வாசகன்